காத்திருக்கும் சினைமுட்டை

இரண்டு பெட்டைகள் மட்டுமே இருக்கும் முயல் கூண்டு. ஒரு நாள் அவற்றில் ஒன்று வைக்கோலை வாய் கொள்ளாமல் அள்ளிக்கொண்டு மூலைக்கு ஓடும். மார்பிலும் கழுத்துக்குக் கீழே தொங்கும் சதையிலும் இருக்கும் முடியைத் தானே பிடுங்கி, வைக்கோலின் மேல் மெத்தென்று பரப்பும். கிட்டே போனால் உறுமும். குட்டிகள் வரப்போகின்றன என்று வீடே காத்திருக்கும். ஆண் முயலே இல்லாத கூண்டில் குட்டி எங்கிருந்து வரும்? பதினாறு, பதினெட்டு நாளில் எல்லாம் அடங்கிவிடும். கால்நடை மருத்துவர்கள் இதைப் பொய்ச்சினை என்பார்கள்.

மனிதர்களுக்கும் மாட்டுக்கும் முட்டை வெளிவருவது நாள்கணக்குப்படி. முயலுக்கு அப்படி இல்லை. அதன் சினைப்பையில் முட்டைகள் அலையலையாக முதிர்ந்து தயாராக நிற்கும், வெளியே வராது. இணை சேர்ந்த பிறகுதான் நரம்பு வழியாக மூளைக்குச் செய்தி போய், ஹார்மோன் பாய்ந்து, சுமார் பத்து மணி நேரத்தில் முட்டைகள் வெடித்து வெளிவரும். கேம்பிரிட்ஜைச் சேர்ந்த வால்டர் ஹீப் இதை 1905-ல் விளக்கி எழுதினார். ஒரு பெட்டை இன்னொன்றின் மேல் ஏறினாலே மூளைக்கு அந்தச் செய்தி போய்விடுவதுண்டு. முட்டை வெளிவந்த இடத்தில் சுரக்கும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனுக்குக் கரு இருக்கிறதா இல்லையா என்பது தெரியாது. உடல் சினை என்றே நம்பிக் கூடு கட்டத் தொடங்கிவிடும்.

கர்ப்பப் பரிசோதனைக்கு முயலைத் தேர்ந்தெடுத்ததற்கும் இந்த இயல்புதான் காரணம். 1931-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் மாரிஸ் ஃபிரீட்மன், ஒரு பெண்ணின் சிறுநீரை முயலின் காது ரத்தக்குழாயில் செலுத்தி, இரண்டு நாள் கழித்து அதன் சினைப்பையைப் பார்த்தார். தானாக முட்டை வெளிவராத பிராணி என்பதால், வெளிவந்திருந்தால் அதற்குக் காரணம் சிறுநீரில் இருந்த கர்ப்ப ஹார்மோன்தான். முயல் செத்தால் கர்ப்பம் உறுதி என்று அமெரிக்காவில் ஒரு பேச்சு உலவியது. உண்மையில் விடை எதுவானாலும் முயல் செத்தது; வயிற்றைத் திறக்காமல் சினைப்பையைப் பார்க்க வழியில்லை.

எந்நேரமும் தயாராக இருக்கும் இந்த உடலோடுதான் நாம் இன்னொரு முயலைச் சேர்த்து வைக்கப் பார்க்கிறோம். குட்டிப் பருவத்தில் ஒன்றின் மேல் ஒன்று படுத்துத் தூங்கியவை, நாலைந்து மாதத்தில் பருவத்துக்கு வந்ததும் ஒன்றையொன்று குதறிக்கொள்ளும். 'என்ன ஆயிற்று இவற்றுக்கு?' என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வீட்டு முயலின் மூதாதை ஐரோப்பியக் காட்டு முயல், மண்ணில் வளை தோண்டிக் கூட்டமாக வாழ்வது. (நம் ஊர்க் காடுகளில் துள்ளி ஓடுவது வேறு பிராணி, அது வளை தோண்டாது.) அந்த வளைக் கூட்டத்தில் குட்டி போட நல்ல இடம் பிடிக்கப் பெட்டைகள் கடுமையாக மோதிக்கொள்ளும். தாடைக்கு அடியிலுள்ள சுரப்பியைக் கல்லிலும் வேரிலும் தேய்த்து இடத்துக்கு உரிமை கொண்டாடும். உங்கள் வீட்டு நாற்காலிக் காலில் தாடையைத் தேய்ப்பதும் அதே உரிமைதான்.

கருத்தடை அறுவை சிகிச்சை இந்த மோதலைப் பெருமளவு தணிக்கும். ஆனால் பெட்டைக்கு அதைச் செய்யச் சொல்வதற்குச் சண்டையைவிடப் பெரிய காரணம் கருப்பைப் புற்றுநோய். வயது ஏற ஏற அது கூடுகிறது. எண்பது சதவீதம் என்று பலரும் சொல்லும் எண் பழைய ஆய்வகக் கூட்டங்களில், சில இனங்களில், ஐந்து வயதைத் தாண்டிய முயல்களில் கண்டது; எல்லா முயலுக்கும் அதைப் பொருத்துவது சரியல்ல. அதற்காக ஆபத்தைச் சிறிதென்று சொல்லிவிடவும் முடியாது.

தராசின் மறுதட்டில் மயக்க மருந்து. பிரிட்டனில் 2008-ல் வெளியான பெரிய ஆய்வில், மயக்கம் தொடர்பாக இறந்தவை நாய்களில் 0.17 சதவீதம், முயல்களில் 1.39 சதவீதம். நோயில்லாத முயல்களை மட்டும் எடுத்தால் 0.73. ஆகவே என் கருத்து இது: ஆறு மாதத்தைத் தொட்ட, நன்றாகத் தின்று திரியும் இளம் பெட்டைக்கு, முயலில் கை பழகிய மருத்துவர் கிடைத்தால் செய்துவிடலாம். அப்படி ஒருவர் கிடைக்காத ஊரில் அவசரப்படுவதைவிடக் காத்திருப்பது மேல்.

ஜோடி சேர்ப்பதில் எளிதாக ஒத்துப்போவது கருத்தடை செய்த பெட்டையும் காயடித்த ஆணும்தான். காயடித்த பிறகும் ஆணுக்கு ஆறு வாரம் வரை விந்து மிச்சமிருக்கும் என்பதால், கருத்தடை செய்யாத பெட்டையோடு அதுவரை சேர்க்கக் கூடாது. முதல் சந்திப்பு இரண்டுக்கும் அறிமுகமில்லாத இடத்தில் நடக்கட்டும், குளியலறைகூடப் போதும். துரத்துவது, மேலே ஏறுவது, கொஞ்சம் முடி பறப்பது எல்லாம் சகஜம். காதைப் பின்னுக்கு மடக்கி, வாலைத் தூக்கி, ஒன்றையொன்று வட்டமடித்தால் உடனே பிரித்துவிடுங்கள், வெறும் கையால் அல்ல. ஒன்று தலையைத் தாழ்த்த, மற்றொன்று அதன் நெற்றியை நக்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கருத்தடை செய்யும் மருத்துவர் முயல் பழக்கமுள்ளவரா என்று அறிய ஒரு கேள்வி போதும்: 'அறுவைக்கு முந்தின இரவு பட்டினி போட வேண்டுமா?' முயலால் வாந்தி எடுக்க முடியாது, ஆகவே பட்டினி தேவையில்லை. பல மணி நேரம் தின்னாமல் கிடந்தாலே குடல் இயக்கம் மந்தமாகி உயிருக்கு ஆபத்தாகலாம். போட வேண்டும் என்று சொல்பவரிடம் நன்றி சொல்லிவிட்டு, வேறு மருத்துவரைத் தேடுங்கள்.