ஒரு டிக்கெட்டுக்கு ஆறு வாரக் காவல்

கியூவைப் பற்றி நம் சங்கத்துக் குடும்பங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பிழைப்புக்காக வடக்கே வந்த நாம் எல்லோரும் மே மாத விடுமுறைக்கு ஊருக்குப் போக டிக்கெட் வேண்டி, விடியும் முன்பே ஸ்டேஷனில் போய் நின்றவர்கள்தான். ஜி.டி. எக்ஸ்பிரஸ், தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் என்று பெயரைச் சொன்னாலே பலருக்குக் கால் வலி ஞாபகம் வரும். நான் ரயில்வேயில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆனாலும் பாஸ் கையில் இருந்தால் மட்டும் பெர்த் கிடைத்துவிடாது. நானும் அந்த வரிசையில்தான் நின்றேன்.

கம்ப்யூட்டர் முன்பதிவு 1986-ஐ ஒட்டி டில்லியில் தொடங்கி, பிறகு ஒவ்வொரு ஊராக வந்தது. அதற்கு முன் நடந்ததை இளைய தலைமுறைக்குச் சொல்ல வேண்டும். இரவு பத்து மணிக்கே கவுண்ட்டர் வாசலில் ஆள் சேரும். செங்கல், செருப்பு, பை என்று ஏதாவது ஒன்று 'ஆள் இருக்கிறார்' என்பதற்கு அடையாளமாகக் கிடக்கும். சண்டை வராமல் இருக்க, யாராவது ஒரு பெரியவர் தானாகவே ஒரு தாளில் பெயர்களை எழுதி எண் கொடுப்பார். நடுநிசியில் ஒரு தடவை, நாலு மணிக்கு ஒரு தடவை அந்தப் பட்டியலை உரக்கப் படிப்பார். கூப்பிடும்போது 'இருக்கேன்' என்று சொல்லாதவர் பெயர் அடிபட்டுவிடும். அந்தப் பெரியவரை யாரும் நியமிக்கவில்லை, சம்பளமும் கிடையாது. இருந்தும் அவர் சொல்லுக்கு எல்லோரும் கட்டுப்பட்டார்கள்.

இதே முறையை, இன்னும் நுணுக்கமான சட்டதிட்டங்களோடு, அமெரிக்காவில் கல்லூரி மாணவர்கள் நடத்துகிறார்கள் என்று சொன்னால் நம்புவீர்களா? அதுவும் ரயில் டிக்கெட்டுக்காக இல்லை, கூடைப்பந்து ஆட்டம் பார்ப்பதற்காக!

அங்கே கல்லூரிக் கூடைப்பந்துக்கு இருக்கும் மவுசு நமக்குச் சட்டென்று புரியாது. இந்த விளையாட்டு 1891-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற உடற்பயிற்சி ஆசிரியர் உருவாக்கியது. பீச் பழம் வைக்கும் கூடைகளை மாடத்தின் கைப்பிடியில் மாட்டி ஆடினார்கள். இன்று பல்கலைக்கழக அணிகளின் ஆட்டங்களை நாடே தொலைக்காட்சியில் பார்க்கிறது. வட கரோலினா மாநிலத்தில் டர்ஹம் நகரில் டியூக் பல்கலைக்கழகமும், பக்கத்துச் சேப்பல் ஹில் ஊரில் வட கரோலினா பல்கலைக்கழகமும் இருக்கின்றன. இடையே சாலை வழி பதினாறு கிலோமீட்டர்தான். இரண்டும் மோதும் நாள் என்றால், நம் ஊரில் இந்தியா - பாகிஸ்தான் கிரிக்கெட் நாள் என்று வைத்துக் கொள்ளுங்கள்.

என் மகள் சில ஆண்டுகளுக்கு முன் டியூக்கில் பொறியியல் முதுகலை படித்தாள். அந்த வகையில் ஒரு ஜனவரி மாதம் நான் அங்கே போக நேர்ந்தது. டியூக்கின் கூடைப்பந்து அரங்கான கேமரன் உள்ளரங்கம் 1940-ல் திறக்கப்பட்டது. கல்லால் கட்டிய பழைய கட்டடம், உள்ளே 9,314 பேருக்குத்தான் இடம். அதன் வாசல் புல்வெளியில் வரிசை வரிசையாகக் கூடாரங்கள். ஏதோ வெள்ள நிவாரண முகாம் என்றுதான் முதலில் நினைத்தேன். "டிக்கெட்டுக்கு நிக்கறாங்கப்பா" என்றாள் மகள். "ஆட்டம் எப்போம்மா?" என்று கேட்டேன். "அடுத்த மாசம்" என்றாள்.

இந்தக் கூடார ஊருக்கு ஒரு பெயரும் உண்டு. 1980 முதல் 2022 வரை அணிக்குப் பயிற்சியாளராக இருந்து ஐந்து முறை தேசியப் பட்டம் வாங்கிக் கொடுத்த மைக் ஷஷெஃப்ஸ்கியின் பெயரால் 'ஷஷெஃப்ஸ்கிவில்'. வாயில் நுழையாததால் சுருக்கமாகக் 'கே-வில்'. 1986-ல் வட கரோலினாவுடன் ஆட்டம் வந்தபோது, நல்ல இடம் பிடிக்க நினைத்த சில மாணவர்கள் சில நாள் முன்னதாகவே வந்து கூடாரம் அடித்தார்கள். அடுத்த ஆண்டுகளில் மற்றவர்கள் அவர்களையும் முந்திக்கொள்ளப் பார்த்தார்கள். இப்படியே சில நாள் என்பது வாரங்களாகி, இப்போது குளிர்கால விடுமுறை முடிந்து திரும்பியதும் ஜனவரியில் தொடங்கி ஏறக்குறைய ஆறு வாரம் நீள்கிறது.

இளநிலை மாணவர்களுக்கு டிக்கெட் இலவசம். ஆடுகளத்தை ஒட்டிய மாணவர் பகுதியில் சுமார் 1,200 பேர் நெருக்கியடித்து நிற்கலாம். ஒரு கூடாரத்துக்குப் பன்னிரண்டு பேர். கணக்குப் போட்டால் நூறு கூடாரம் வந்ததும் அரங்கம் நிரம்பிவிடும். ஆகவே யார் முன்னால் என்பதுதான் கேள்வி.

இதை ஒழுங்குபடுத்துவது போலீஸ் அல்ல, மாணவர்களிலேயே பொறுப்பேற்றுக்கொண்ட 'லைன் மானிட்டர்கள்'. விதிகளை எழுதி வைத்திருக்கிறார்கள். கூடாரங்கள் கறுப்பு, நீலம், வெள்ளை என்று மூன்று கட்டம். முதலில் வரும் கறுப்புக் கட்டத்தில்தான் கஷ்டம் அதிகம், இடமும் அதற்கேற்ப முன்னால். பன்னிரண்டு பேரில் பெரும்பாலோர் இரவு அங்கேயே படுக்க வேண்டும். பகலில் ஓரிருவராவது காவல் இருக்க வேண்டும். நாள் ஆக ஆகக் கண்டிப்பு குறையும். வெள்ளைக் கட்டத்தில் இரவுக்கும் ஓரிருவர் போதும். கறுப்புக் கட்டத்துக்கு ஆள் அதிகமாகிவிட்டால், அணியைப் பற்றிக் கேள்வித்தாள் கொடுத்துப் பரீட்சையே வைக்கிறார்கள்!

இரவு இரண்டு மணியோ நாலு மணியோ, எப்போது என்று சொல்லாமல் ஊதுகுழல் சத்தம் கேட்கும். அடித்துப் பிடித்துக்கொண்டு எழுந்து அடையாள அட்டையோடு ஓடிப் போய்ப் பதிய வேண்டும். ஒரு தடவை தவறினால் எச்சரிக்கை. மறுபடியும் தவறினால் கூடாரம் பட்டியலின் கடைசிக்குப் போய்விடும். நம் ஸ்டேஷன் பெரியவர் பட்டியல் படித்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? கடுங்குளிர், மின்னல் என்றால் 'இன்று போய்ப் படுங்கள்' என்று விலக்கு அறிவிப்பார்கள். நம் பெரியவரிடம் அந்தச் சலுகை கிடையாது!

"இத்தனை பேரும் படிக்கிறது எப்போம்மா?" என்று கேட்டேன். "டென்ட்டுக்குள்ளேதான்ப்பா. இங்கேயும் வைஃபை இருக்கு" என்றாள். எட்டிப் பார்த்தேன். கம்பளிக்குள் புதைந்து, மடிக்கணினி வெளிச்சத்தில் ஒரு பெண் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். வெளியே பூஜ்ஜியம் டிகிரி.

இங்கே ஒரு பொறியாளனாக நான் யோசித்ததைச் சொல்கிறேன். கியூவில் இரண்டு ஜாதி உண்டு. தெருக் குழாயில் தண்ணீர் பிடிக்கும் கியூ ஒன்று. கடைசி ஆளுக்கும் தண்ணீர் கிடைக்கும், கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான். இன்னொரு குழாய் போட்டால் தாமதமும் பாதியாகும். டென்மார்க் நாட்டுப் பொறியாளர் எர்லாங், 1909-ல் தொலைபேசி அழைப்புகளுக்குக் கணக்குப் போட்டு இந்தத் துறைக்கே அடித்தளம் போட்டார். ஆனால் டிக்கெட் கியூ வேறு. ஆயிரத்து இருநூறு இடம் என்றால் அடுத்த ஆளுக்கு ஒன்றுமே இல்லை. கவுண்ட்டரைப் பத்தாக்கினாலும் பெர்த் கூடாது. அதனால்தான் குழாயடியில் வாய்ச்சண்டையோடு முடிகிறது, டிக்கெட் கவுண்ட்டரில் புரோக்கர் முளைக்கிறான். கூலிக்கு ஆள் நிறுத்துவது, ஒரே ஆள் நாலு பெயரில் பதிவது எல்லாம் இங்கேதான். விதிப் புத்தகம் பருப்பதும் இதனால்தான். கே-வில்லின் ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் யாரோ ஒருவர் செய்த தந்திரம் இருக்கும் என்பது என் ஊகம்.

அப்படியானால் எது நியாயமான வழி? அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் ஒவ்வொன்றும் ஒரு வழியில் போகின்றன.

பதினாறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் குலுக்கல். 1986-ல் திறந்த அவர்களுடைய டீன் ஸ்மித் அரங்கில் இருபதாயிரத்துக்கும் மேல் இடம். மாணவர் கம்ப்யூட்டரில் பெயர் கொடுத்தால் போதும், குலுக்கலில் வந்தவர்களுக்கு டிக்கெட். யாரும் குளிரில் நடுங்க வேண்டாம். ஆனால் ஆட்டமே தெரியாதவனுக்கும் அணிக்காக உயிரை விடுபவனுக்கும் ஒரே வாய்ப்பு.

கான்சஸ் பல்கலைக்கழகத்தில் நெய்ஸ்மித்தே முதல் பயிற்சியாளராக இருந்தார். அங்கே 1955-ல் திறந்த ஆலன் அரங்கில் மாணவர்கள் முப்பது பேர் வரை ஒரு குழுவாகச் சேர்கிறார்கள். முதலில் குலுக்கலில் குழுக்களுக்கு வரிசை எண். அதற்குப் பின் அரங்கத்துக்குள்ளேயே காத்திருப்பு. காலை முதல் இரவு வரைதான், ராத்தங்கல் கிடையாது. பெயர் கூப்பிடும்போது குழுவில் ஒருவராவது இருந்தால் போதும்.

டியூக்கிலேயே முதுகலை, ஆராய்ச்சி மாணவர்களுக்கு வேறு முறை. இதை என் மகள் அனுபவித்தே சொன்னாள். செப்டம்பரில் ஒரு வார இறுதி, வெள்ளி மாலை முதல் ஞாயிறு காலை வரை முப்பத்தாறு மணி நேரம் முகாம். சாமான் ஏற்றும் வண்டியை வாடகைக்குப் பிடித்து அதற்குள் மெத்தை போட்டுப் படுப்பவர்களும் உண்டு. திடீர் திடீரென்று சங்கு ஊதும், ஓடிப்போய்ப் பதிய வேண்டும். கடைசி வரை தாக்குப் பிடித்தவர்கள் பெயரை மட்டும் குலுக்கிப் போட்டு, வந்தவர்களுக்கு அந்த ஆண்டு முழுவதற்கும் டிக்கெட் வாங்கும் உரிமை. முதல் வருடம் அவள் பெயர் வரவில்லை. இரண்டாம் வருடம் வந்தது. முதல் வருடத்துக்காக அவள் அழவில்லை. முகாமில் கிடைத்த சிநேகிதிகள் இன்றும் அவள் வீட்டுக்கு வந்து போகிறார்கள்.

மூன்றையும் பார்த்தபின் என் மனம் இந்தக் கடைசி முறைக்கே சாய்கிறது. காரணம் சொல்கிறேன். பணம் கொடுத்தவனுக்கே டிக்கெட் என்றால் பணக்காரன் ஜெயிப்பான். 2019 பிப்ரவரி 20-ல் இந்த இரு அணிகளும் கேமரன் அரங்கில் மோதியபோது வெளியே டிக்கெட் விலை ஆயிரக்கணக்கான டாலருக்குப் போனது. முன்னாள் ஜனாதிபதி ஒபாமாவே பார்க்க வந்தார். டியூக்கின் நட்சத்திர ஆட்டக்காரர் ஸயான் வில்லியம்சனின் காலணி முதல் நிமிடத்திலேயே கிழிந்து, அவர் காயத்தோடு வெளியேறினார். டியூக் 72-88 என்று தோற்றது. வாரக் கணக்கில் குளிரில் கிடந்த பிள்ளைகள் பார்த்தது அதைத்தான்! ஆனால் மடியில் காசில்லாத மாணவனும் அன்று முன்வரிசையில் நின்றான் என்பதை மறக்கக் கூடாது. கியூ செய்த நன்மை அது.

ஆனால் கியூவும் விலை கேட்கிறது. அது கேட்பது நேரம். இலவச டிக்கெட் என்கிறோம், ஆறு வாரத் தூக்கத்துக்கு என்ன விலை? மாலையில் நூலகத்திலோ உணவு விடுதியிலோ வேலை பார்த்துச் செலவுக்குச் சம்பாதிக்கும் பிள்ளை, சோதனைச் சாலையை விட்டு நகர முடியாத பிள்ளை, உடம்பு முடியாத பிள்ளை இவர்களெல்லாம் கூடார வாசலிலேயே நின்றுவிடுகிறார்கள். பணமில்லாதவனைக் காப்பாற்றும் கியூ, நேரமில்லாதவனைக் கைவிட்டுவிடுகிறது. முப்பத்தாறு மணி நேரம் என்று எல்லை கட்டினால் ஒரு வார இறுதியை யாரும் எப்படியாவது ஒதுக்கலாம். ஆசை இருப்பதற்கு அத்தாட்சியும் ஆயிற்று. அதன் பிறகு குலுக்கலில் எல்லோரும் சமம்.

நம் ரயில்வேயும் இந்தக் கேள்வியோடுதான் மல்லாடுகிறது. வெயிட்டிங் லிஸ்ட், ஆர்.ஏ.சி., 1997-ல் வந்த தட்கல், 2002-ல் வந்த இணைய முன்பதிவு என்று எத்தனையோ ஏற்பாடுகள். கால் வலி போய்விட்டது. ஆனால் வேகமான கம்ப்யூட்டரும் சாமர்த்தியமும் உள்ளவன் முந்துகிறான். 2025 ஜூலையிலிருந்து இணையத் தட்கலுக்கு ஆதார் சரிபார்ப்பு கட்டாயமானது. டியூக் மாணவன் ஊதுகுழல் கேட்டு அடையாள அட்டையோடு ஓடுவதும் இதுவும் ஒன்றே: நிற்பவன்தான் பயணிக்க வேண்டும், நின்ற இடத்தை விற்கக் கூடாது.

நம் சங்கத்துப் பிள்ளைகள் பலர் இப்போது மேல்படிப்புக்கு அமெரிக்கா போகிறார்கள். பெற்றோருக்கு என் யோசனை இதுதான். 'விளையாட்டுக்காகவா டிக்கெட்டுக்கு அலைகிறாய்?' என்று போனில் திட்டாதீர்கள். புது ஊரில் நாலு பேரோடு பழக இது நல்ல வழி. கல்வியாண்டு தொடங்கும்போதே டிக்கெட் விதிகளைப் படிக்கச் சொல்லுங்கள், செப்டம்பரிலேயே முடிந்துவிடும் ஏற்பாடுகளும் உண்டு. வகுப்பு நேரம் ஒத்துப்போகிறவர்களோடு குழுச் சேரச் சொல்லுங்கள். நல்ல கம்பளிப் படுக்கை ஒன்று வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். பரீட்சை வாரத்தில் தன் முறையை வேறொருவருக்கு மாற்றிவிட்டு, பிறகு அதை மறக்காமல் ஈடுகட்டவும் சொல்லுங்கள். குழுவில் பன்னிரண்டு பேரும் அதைத்தான் கவனிப்பார்கள்.