ஐப்பசி மழையில் பருந்துக் கணக்கு

இடம்பெயரும் வேட்டைப் பறவைகளைக் கணக்கெடுப்பதற்கு உலகில் பேர்பெற்ற இடங்கள் பெரும்பாலும் மலையும் கடலும் நெருங்கி வான்வழியைக் குறுக்கிவிடும் இடங்களே. கருங்கடலுக்கும் காகசஸ் மலைக்கும் இடையில் உள்ள ஜார்ஜியா நாட்டின் பதூமியில் 2008 முதல் நடந்துவரும் கணக்கெடுப்பில் ஒவ்வோர் இலையுதிர் பருவத்திலும் ஏறத்தாழ பத்து லட்சம் பருந்துகளும் கழுகுகளும் பதிவாகின்றன. மெக்சிகோவின் வேராகுரூஸில் அந்த எண்ணிக்கை பல மடங்காகிறது. தூத்துக்குடிக் கடற்கரையில் அத்தகைய குறுகிய வழி எதுவும் இல்லை என்பதால், இங்கே வானத்தை அண்ணாந்து பார்த்து எண்ணும் முறை அதிகம் பயன்படாது. பறவைகள் மாலையில் வந்து அடையும் இடத்தில் நின்று எண்ணுவதே பயன் தரும்.

இதற்குப் பறவையின் பறக்கும் முறையும் காரணமாகும். அகன்ற சிறகுள்ள கழுகுகள், வெயிலில் சூடேறிய தரையிலிருந்து மேலெழும் வெப்பக்காற்றில் சுற்றிச் சுற்றி உயர்ந்து, பின் சிறகை அசைக்காமல் சறுக்கிச் செல்வதால், அத்தகைய காற்று அரிதாகவே எழும் கடற்பரப்பைத் தவிர்த்து நிலத்தை ஒட்டியே கூட்டமாக நகர்கின்றன. மெலிந்த உடலும் நீண்ட சிறகும் கொண்ட பூனைப்பருந்துகளோ சிறகடித்தே நெடுந்தொலைவு செல்லக்கூடியவை என்பதால், ஒரே தடத்தில் திரளாமல் பரவலாகப் பறந்து வருகின்றன. கசகஸ்தான், ரஷ்யா ஆகிய நாடுகளின் புல்வெளிகளில் குஞ்சு பொரிக்கும் மாண்டேகு பூனைப்பருந்தும் வெளிறிய பூனைப்பருந்தும் குளிர்காலத்துக்கு இந்தியாவின் திறந்தவெளி நிலங்களை நாடுகின்றன. சேற்றுப் பூனைப்பருந்து தாமிரபரணிப் பாசனக் குளங்களின் நாணல் மீதும் சம்பங்கோரை மீதும் தாழப் பறப்பதைக் காணலாம்.

இவை வந்துசேரும் மாதங்களும் இந்த மாவட்டத்தின் மழை மாதங்களும் ஒன்றே. தென்மேற்குப் பருவத்தில் மழை மறைவில் கிடக்கும் தூத்துக்குடிக்கு ஆண்டு மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலேயே கிடைக்கிறது. அந்த மழையை நம்பித்தான் விளாத்திகுளம், எட்டயபுரம், ஓட்டப்பிடாரம் பகுதிகளின் கரிசல் காடுகளில் உளுந்தும் பாசியும் கம்பும் மக்காச்சோளமும் விதைக்கப்படுகின்றன. மழை பெய்தால் புல்லும் பயிரும் தழைக்கும், வெட்டுக்கிளி பெருகும், வெட்டுக்கிளியைப் பெரிதும் உண்ணும் மாண்டேகு பூனைப்பருந்து தங்கும். மழை பொய்த்தால் அது வேறு நிலம் தேடிப் போகும். ஆகவே ஓர் ஆண்டில் எண்ணிக்கை குறைந்தால், பறவையினமே அருகிவிட்டதா, மழை பொய்த்ததால் பறவை இடம் மாறியதா என்பதை அந்த ஒற்றை எண்ணைக் கொண்டு சொல்லிவிட முடியாது.

பூனைப்பருந்துகள் மரத்தில் அடைவதில்லை. புல்லுக்குள் தரையிலேயே கூட்டமாக அடைகின்றன. பொழுது சாய்வதற்கு ஒரு மணி நேரம் முன்பே கணக்கெடுப்போர் புல்வெளியைச் சுற்றி எட்டத்தில் நின்று, ஆளுக்கொரு திசையைப் பிரித்துக்கொண்டு, உள்ளே வரும் பறவையை மட்டும் எண்ணுகின்றனர். வந்த பறவை உடனே இறங்குவதில்லை. பக்கத்து உழவு நிலத்தில் சற்று உட்கார்ந்து, மீண்டும் எழுந்து வட்டமிட்டுப் பின் புல்லுக்குள் இறங்குவதால், ஒன்றையே இருமுறை எண்ணிவிடும் வாய்ப்பு எப்போதும் உண்டு. மாண்டேகு ஆணைச் சாம்பல் நிறத்தாலும் சிறகின் மேல் ஓடும் கருங்கோட்டாலும் அறியலாம், வெளிறிய இனத்தின் ஆணை ஏறத்தாழ வெண்மையான உடலால் அறியலாம்; ஆனால் இரு இனங்களின் பெண்களும் இளம் பறவைகளும் பழுப்பு நிறத்தில், வால் தொடங்கும் இடத்தில் ஒரே மாதிரியான வெள்ளைப் பட்டையுடன் இருப்பதால், மங்கிய ஒளியில் அவற்றைப் பிரித்தறிவது தேர்ந்தவருக்கும் கடினம். 'இனம் தெரியாதவை' என்ற பத்தியே இல்லாத கணக்கேட்டைச் சற்று ஐயத்தோடுதான் பார்க்க வேண்டும்.

வாடைக்காற்று பலமாக வீசும் மாலையில் பறவைகள் தாழப் பறந்து வந்து வட்டமிடாமலே இறங்கிவிடக்கூடும். மழை இறங்கிவிட்டால் காண்பதே அரிதாகிறது. மழை வெறித்த மறுநாள் மாலையில் அதே இடத்தில் எண்ணிக்கை கூடினால், புதிதாகப் பறவைகள் வந்தன என்று பொருளாகிவிடாது. முந்திய நாள் கண்ணுக்குத் தப்பியவையாகவும் அவை இருக்கலாம். இதனால்தான் மேகமூட்டம், காற்றின் திசை, மழை நேரம் ஆகியவற்றையும் எண்ணோடு சேர்த்துக் குறிக்க வேண்டியுள்ளது. 2016இல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 60 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது. 2023 டிசம்பரிலோ காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, குளங்கள் உடைந்து, மாவட்டமே வெள்ளத்தில் மிதந்தது. இப்படிப்பட்ட இரண்டு ஆண்டுகளின் எண்களை அருகருகே வைத்து ஒப்பிடுவது வீண்வேலை.

வெறுமையான ஆண்டையும் பதிந்துவைக்கும் வழக்கம் இக்கரைக்குப் புதிதன்று. 1961இல் கடைசி முத்துக்குளிப்பு முடியும் வரை, பார் எனப்படும் கடலடித் திட்டுகளிலிருந்து மாதிரிக்குச் சிப்பிகளை எடுத்து, எண்ணி, முதிர்ச்சி பார்த்த பிறகே அரசு குளிப்பை அறிவித்தது. சிப்பியே இல்லாமல் நெடுங்காலம் கழிந்ததும் அந்த ஆவணங்களில் உள்ளது. பறவைகளைப் பொறுத்தவரை, ஏட்ரீ என்னும் ஆராய்ச்சி அறக்கட்டளையின் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் தன்னார்வலர்களோடு சேர்ந்து 2011 முதல் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பை நடத்திவருகிறது. கரிசல் புல்வெளிக்கும் அத்தகைய நீண்ட தொடர் தேவை, ஏனெனில் தென்னிந்தியத் தங்கலிடங்களில் பூனைப்பருந்துகள் குறைந்துவருவதாக ஏட்ரீ ஆய்வாளர்கள் எச்சரித்துள்ளனர். அவை அடையும் நிலமோ வருவாய்ப் பதிவேட்டில் தரிசு என்ற பெயரில் இருந்து, காற்றாலைக்கும் சூரிய மின்தகட்டுக்கும் எளிதில் போய்விடுகிறது. இடம்பெயரும் வேட்டைப் பறவைகளைக் காப்பதற்கான பன்னாட்டுப் புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் இந்தியா 2016இல் கையெழுத்திட்டிருப்பதால், இந்தத் தரிசுகளைப் பற்றிக் கேள்வி எழுப்ப அடிப்படை உண்டு.

கரிசல் ஊர்களில் வாழ்வோரும் அங்குள்ள பள்ளி ஆசிரியர்களும் ஐப்பசி முதல் மாசி வரை வாரம் ஒரு மாலை, ஒரே இடத்தில், புல்வெளிக்குள் கால் வைக்காமல் தள்ளி நின்று எண்ணி, தேதியையும் காற்றையும் மழையையும் குறித்துவரலாம். ஒரு பறவையும் வராத மாலைக்கும் அந்தக் குறிப்பேட்டில் ஒரு வரி ஒதுக்க வேண்டும்.