கண்ணாடி கழுவும் தொழில் வளரும்போது சுத்தத் தண்ணீரை எப்படிப் பெருக்குவது?

போர் தண்ணீரில் கழுவிய கண்ணாடியைத் துடைக்காமல் வெயிலில் விட்டால் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழும். தண்ணீர் ஆவியாகிவிடுகிறது, அதில் கரைந்திருந்த சுண்ணாம்பு, மெக்னீசியம், சிலிக்கா எல்லாம் கண்ணாடியிலேயே தங்கிவிடுகின்றன. உப்பே இல்லாத தண்ணீரில் கழுவினால் காய்ந்த பிறகு எதுவும் மிஞ்சாது, துடைக்கவும் வேண்டாம். பிரிட்டனில் இந்தத் தொழில் இப்படித்தான் நடக்கிறது. நீண்ட கோலின் நுனியில் ஒரு பிரஷ், அதன் வழியே சுத்தத் தண்ணீர், ஆள் நிற்பது தரையில். உயரத்தில் வேலை செய்வதற்கான விதிகள் அங்கே 2005-இல் வந்தபின் ஏணியைத் தவிர்க்க இந்த முறை இன்னும் பரவியது. நம் ஊரில் கயிற்றில் தொங்கியபடி கண்ணாடி துடைக்கும் ஆட்களைப் பார்க்கும்போதெல்லாம், மூன்று நான்கு மாடிக் கட்டடத்துக்காவது அந்த ஆபத்து தேவையில்லையே என்று தோன்றும்.

பேரையூரில் இருந்துகொண்டு திருமங்கலம், மதுரை வரை போய் இந்த வேலை செய்யும் ஒரு சிறு நிறுவனத்தை நினைத்துக்கொள்வோம். கடைக் கண்ணாடியில் தொடங்கினால் அடுத்து மருத்துவமனை, கல்லூரி, கார் ஷோரூம் என்று வேலை விரியும். கூடவே சோலார் பேனல் கழுவவும் கூப்பிடுவார்கள். வீட்டுக் கூரை சோலாருக்கு மத்திய அரசு 2024-இல் கொண்டுவந்த மானியத் திட்டத்துக்குப் பிறகு மொட்டை மாடிகளில் பேனல்கள் பெருகிவருகின்றன. அவற்றை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருக்க முடியாது. கழுவிவிட்டு வரும்படியான தண்ணீர்தான் வேண்டும்.

எவ்வளவு வேண்டும்? ஒரு கோலுக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 2 லிட்டர். நாளில் 5 மணி நேரம் தண்ணீர் ஓடினால் 600 லிட்டர். மூன்று குழு என்றால் கொஞ்சம் சிந்துவதையும் சேர்த்து 2,000 லிட்டர். இனி இந்த 2,000-ஐ வைத்தே பேசுவோம்.

முதலில் போர் தண்ணீரைச் சோதித்துவிடுங்கள். நம்முடையது பாறை நிலம். ஒரு தோட்டத்தில் நல்ல தண்ணி, பக்கத்துத் தோட்டத்தில் உப்புத் தண்ணி என்பது இங்கே புதிதல்ல. டி.டி.எஸ். மீட்டர் மொத்த உப்பை மட்டும் காட்டும். கடினத்தன்மை, இரும்பு, சிலிக்கா எவ்வளவு என்பதற்குக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகம் போன்ற ஓரிடத்தில் கொடுத்துத்தான் பார்க்க வேண்டும். குடிநீருக்கான இந்திய தர நிர்ணயம் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை அனுமதிக்கிறது. கண்ணாடிக்கோ 10-க்குள் இருக்க வேண்டும், பூஜ்யமாக இருந்தால் நிம்மதி. குடிக்க நல்ல தண்ணீர் கண்ணாடிக்கு நல்ல தண்ணீர் ஆகாது.

இங்கேதான் பலருடைய பணம் வீணாகிறது. உப்பு நீக்கும் கருவி என்று சாஃப்ட்னரை வாங்கி வைத்துவிடுவார்கள். சாஃப்ட்னர் சுண்ணாம்பை எடுத்துக்கொண்டு அந்த இடத்தில் சோடியத்தை விடும். மொத்த உப்பு குறையவே குறையாது. குழாயில் பாறை கட்டாது, சோப்பு நுரைக்கும், ஆனால் கண்ணாடியில் புள்ளி விழத்தான் செய்யும்.

உப்பை நீக்க இரண்டு வழி உண்டு. ஒன்று ரெசின். கலப்பு ரெசின் நிரம்பிய உருளை வழியே தண்ணீரை விட்டால் மீட்டர் பூஜ்யம் காட்டும். மின்சாரம் வேண்டாம், ஒரு சொட்டுக் கழிவும் இல்லை. ஆனால் ஒரு லிட்டர் ரெசின் தோராயமாக 20 கிராம் உப்பைத்தான் பிடிக்கும். 25 லிட்டர் மூட்டை ஒன்று அரைக் கிலோ உப்போடு தீர்ந்துவிடும். போர் தண்ணீரில் லிட்டருக்கு 1,500 மில்லிகிராம் உப்பு இருந்தால் 330 லிட்டரிலேயே மூட்டை காலி. ஒரு ஆளின் ஒரு நாள் வேலைக்குக்கூடப் போதாது.

மற்றொன்று ஆர்.ஓ. சவ்வின் வழியே தண்ணீரை அழுத்தித் தள்ளுவது. இது நடைமுறைக்கு வந்ததற்குக் காரணமான சவ்வை 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் உருவாக்கிய இருவரில் ஒருவர் இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜன். மற்றவர் சிட்னி லோப். நல்ல ஆர்.ஓ. நூற்றுக்கு 97 பங்கு உப்பைத் தடுத்துவிடும். 1,500 என்பது 45 ஆகிவிடும். அதே ரெசின் மூட்டை இப்போது 11,000 லிட்டருக்கு வரும், அதாவது ஐந்தரை நாள். ஆர்.ஓ. தண்ணீரை இன்னொரு ஆர்.ஓ. வழியே அனுப்பி 5-க்குக் கொண்டுவந்தால் ஒரு லட்சம் லிட்டர், ஐம்பது நாள். தொழில் பெருகும்போது ரெசினைக் கூட்டிக்கொண்டே போகாமல், ரெசினுக்குப் போகும் உப்பைக் குறையுங்கள். பெருக்குவதன் கணக்கு முழுவதும் இதில் அடங்கும்.

ஆனால் இந்த ஐம்பது நாள் காகிதக் கணக்கு. போர் தண்ணீரில் கரைந்திருக்கும் கரியமில வாயு சவ்வைத் தாண்டி வந்து ரெசினைத் தின்னும், மீட்டரில் அது சரியாகத் தெரியாது. ரெசின் சீக்கிரம் தீர்கிறதே என்று கடைக்காரரைச் சந்தேகிப்பவர்கள் முதலில் இதைப் பார்க்க வேண்டும். ஆர்.ஓ.வுக்கும் ரெசினுக்கும் நடுவே ஒரு டேங்க் வைத்து, அதில் தண்ணீர் மேலிருந்து சிதறி விழும்படி செய்தால் வாயுவின் ஒரு பங்கு வெளியேறிவிடும். அந்த டேங்க் எப்படியும் வேண்டும். ஆர்.ஓ. மெதுவாக, நீண்ட நேரம் ஓடுவது நல்லது. வண்டியோ பத்து நிமிடத்தில் நிரம்ப வேண்டும். பாசி பிடிக்காமல் இருக்கக் கறுப்பு டேங்க், இறுக்கமான மூடி. இரும்புக் குழாய் கூடாது. சுத்தத் தண்ணீர் உலோகத்தை அரித்துக்கொண்டு வரும்.

4 அங்குல மெம்பரேன் (சவ்வு) ஒன்று நம் ஊர்க் கணக்கில் மணிக்கு 250 லிட்டர். 2,000 லிட்டருக்கு எட்டு மணி நேரம் ஓட வேண்டும். கரண்ட் போனாலோ மெம்பரேன் பழசானாலோ அன்றைய வேலை நின்றுவிடும். எனவே இரண்டு மெம்பரேன் உள்ள, மணிக்கு 500 லிட்டர் தரும் பிளான்டை வாங்கி, மேலும் இரண்டு பொருத்தச் சட்டகத்தில் இடம் விட்டுவையுங்கள். முன்னால் மணல் ஃபில்டர், கார்பன் ஃபில்டர், பாறை கட்டாமல் இருக்க ஆன்டிஸ்கேலன்ட் டோசிங். தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போடும் வழக்கம் இருந்தால் கார்பன் ஃபில்டரைத் தவிர்க்கவே முடியாது. குளோரின் மெம்பரேனைக் கெடுத்துவிடும். விவசாய இலவச மின்சாரத்தில் இதை ஓட்டக் கூடாது. இது வணிகம், அதற்கான இணைப்பு தனி.

பிளான்ட் போடும் அளவுக்கு இன்னும் வேலை சேரவில்லை என்றால், பக்கத்தில் கேன் தண்ணி பிளான்ட் வைத்திருப்பவரிடம் மினரல் சேர்ப்பதற்கு முன்னால் உள்ள தண்ணீரை விலை பேசி வாங்கலாம். ரெசினை வண்டியிலேயே பொருத்திக்கொண்டால் அந்தத் தண்ணீரே போதும். வண்டியில் ஏற்றும்போது எடையையும் பாருங்கள். ஆயிரம் லிட்டர் என்றால் ஒரு டன். குட்டி யானை வண்டி தாங்குவது முக்கால் டன்னைச் சுற்றித்தான். ஆட்களும் சாமான்களும் போக 500 லிட்டருக்கு மேல் ஏற்றாதீர்கள்.

இனி கழிவு. பாதித் தண்ணீர் பலன், பாதி கழிவு என்று வைத்தால், 2,000 லிட்டருக்கு 4,000 லிட்டர் உறிஞ்சுகிறோம். அதில் இருந்த 6 கிலோ உப்பு ஒவ்வொரு நாளும் கழிவு நீரோடு வெளியே வருகிறது. 300 நாள் வேலை செய்தால் 1,800 கிலோ. இதைத் தோட்டத்தில் திறந்துவிட்டால் கரிசல் மண் கெடும். களிமண் நிறைந்த அந்த மண்ணில் தண்ணீர் சட்டென்று கீழே இறங்காது. சோடியம் சேரச் சேர இன்னும் இறுகிக்கொள்ளும். பழைய போரிலோ மழைநீர்க் குழியிலோ விடுவது அதைவிட மோசம், ஊர் முழுவதும் குடிக்கும் தண்ணீரில் கலப்பதற்குச் சமம். கழிப்பறைக்கும் தளம் கழுவவும் முடிந்த அளவு பயன்படுத்தி, மீதியைத் தார்ப்பாய் விரித்த ஆழமற்ற தொட்டியில் வெயிலில் காயவிடலாம். அதற்கு இடம் இல்லாதவர் பிளான்டைப் பெரிதாக்கவே கூடாது என்பேன். அடுத்த வீட்டுக் கிணற்றை உப்பாக்கிவிட்டுச் செய்யும் தொழில் வளர்ச்சி ஆகாது.

போர் தண்ணீருக்கு நல்ல மாற்று நம் கூரை மேலேயே விழுகிறது. மழைத் தண்ணீரில் உப்பு மிகக் குறைவு. கூரை அழுக்கைச் சேர்த்தாலும் 20 முதல் 50 வரைதான் நிற்கும். மதுரைப் பகுதியில் ஆண்டுக்குச் சராசரியாக 850 மில்லிமீட்டரை ஒட்டி மழை. 1,000 சதுர அடித் தகரக் கூரையில் ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 63,000 லிட்டர் கிடைக்கும். 3,000 சதுர அடி ஷெட் என்றால் மூன்று மாத வேலைக்கு ஆகும். ஆர்.ஓ. தேவையில்லை, கழிவும் இல்லை. மண் வடிகட்டி, நேரே ரெசின். தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003-இல் கட்டாயமானது. பெரும்பாலும் குழியில் விட்டுவிடுகிறோம். இந்தத் தொழிலில் அதைத் தொட்டியில் பிடிப்பதே லாபம். ஐப்பசி, கார்த்திகையில்தான் மழை மொத்தமாகக் கொட்டும் என்பதால் தொட்டியின் அளவுதான் எல்லை. இரண்டாவது ஆர்.ஓ.வுக்கு ஒதுக்கும் பணத்தில் முதலில் ஒரு தொட்டி கட்டுங்கள்.

தினமும் மூன்று இடத்தில் மீட்டர் வைத்து நோட்டில் எழுத வேண்டும்: போர் தண்ணீர், ஆர்.ஓ.வைத் தாண்டியது, ரெசினைத் தாண்டியது. போர் அளவு கோடையில் ஏறினால் நிலத்தடி நீர் இறங்குகிறது என்று சந்தேகிக்கலாம். போர் மாறாமல் நடு அளவு மட்டும் ஏறினால் மெம்பரேனைக் கழுவும் நேரம், அல்லது ஓ-ரிங் போயிருக்கும். கடைசி அளவு பூஜ்யத்திலிருந்து 2, 3 என்று நகரத் தொடங்கியதும் ரெசினை மாற்றிவிடுங்கள். தீரத் தொடங்கும் ரெசின் முதலில் நழுவவிடுவது பெரும்பாலும் சிலிக்காவை, அதன் கறை கண்ணாடியிலிருந்து லேசில் போகாது.