நீலக் குழந்தையின் இருதயம்

நர்ஸுகளுக்கான பாடப் புத்தகங்களில் இரத்தத்திற்கு ஓர் அத்தியாயம், இருதயத்திற்கு ஓர் அத்தியாயம், நுரையீரலுக்கு மற்றோர் அத்தியாயம் என்று வகுத்து வைத்திருப்பது, கற்பவருடைய சௌகரியத்தை உத்தேசித்துச் செய்யப்பட்ட ஏற்பாடேயன்றி, சரீரத்தினுள் அப்படி ஒரு பாகப்பிரிவினை நடந்திருப்பதனால் அல்ல. இருதயத்தில் நேர்ந்த ஒரு கோளாறு இரத்தத்தின் நிறத்தையும் அடர்த்தியையும் எவ்வாறு மாற்றுகிறது, எவ்விதப் பழுதும் இல்லாத நுரையீரலை எவ்வாறு வேலையற்றதாக்குகிறது என்பதை ஒரே நோயாளியிடத்தில் பிரத்தியட்சமாகக் காண வேண்டுமானால், உதடும் நகமும் நீலம் பாய்ந்து பிறவி இருதய நோயோடு வருகிற குழந்தையின் படுக்கையருகே சற்று நேரம் நின்று கவனித்தால் போதும்.

இந்த நீல நோயின் தலையாய வகைக்கு, பிரான்ஸ் தேசத்து மார்செய் நகரில் இருந்த வைத்தியர் ஃபாலோவின் பெயர் வழங்கி வருகிறது. 1888-ஆம் ஆண்டில் அவர் இதிலுள்ள நான்கு குறைபாடுகளையும் ஒருங்கே தொகுத்து விளக்கினார். இருதயத்தின் வலது கீழறையிலிருந்து நுரையீரலுக்குப் போகும் வழி குறுகியிருத்தல், இரு கீழறைகளுக்கும் நடுவிலுள்ள சுவரில் பெரிய துவாரம் இருத்தல், அந்தத் துவாரத்தின் மேலேயே இரு பக்கமும் கால் பரப்பினாற்போல் மகாதமனி அமர்ந்திருத்தல், இத்தனைக்கும் ஈடு கொடுத்து வலது கீழறையின் தசை தடித்துப் போதல் ஆகியவையே அந்த நான்கு. நான்காக எண்ணப்பட்டாலும் இவை ஒன்றுக்கொன்று சம்பந்தமற்றவை அல்ல; கருவில் இருதயம் உருவாகும்போது ஒரு சிறு தடுப்பு தன் இடத்தை விட்டுச் சற்றே முன்புறமாக நகர்ந்து அமைந்துவிடுவதன் விளைவுகளே இவை. ஒரு மடை அடைத்துக்கொண்டால் வாய்க்கால் நீர் கரையிலுள்ள உடைப்பை நோக்கித் திரும்புவதுபோல, நுரையீரலுக்குச் செல்ல வேண்டிய அசுத்த இரத்தத்தில் ஒரு பகுதி, அங்கே வழி குறுகியிருப்பதனால் துவாரத்தின் மூலமாக மகாதமனிக்குள் புகுந்து, பிராணவாயுவைப் பெறாமலே உடம்பெங்கும் சுற்றிவரப் புறப்பட்டுவிடுகிறது.

பிராணவாயு குறைந்ததை முதலில் உணர்ந்துகொண்டு செயற்படுகிற உறுப்புகளில் சிறுநீரகம் முக்கியமானது. அது அனுப்புகிற ரசாயனச் செய்தியை ஏற்று, எலும்பு மஜ்ஜை சிவப்பணுக்களை மேன்மேலும் உற்பத்தி செய்கிறது. உடம்பு தனக்குத் தானே செய்துகொள்கிற இந்தச் சிகிச்சை ஓரளவு நன்மையானதுதான் என்றாலும், அணுக்கள் மிகுந்து இரத்தம் தடித்துவிடுகிறபடியால், வயிற்றுப்போக்கோ வாந்தியோ கடும் ஜுரமோ வந்து உடம்பில் நீர் வற்றுகிற சமயத்தில், மூளையின் இரத்தக்குழாய்களில் கட்டி உறைந்து பக்கவாதம் உண்டாகும் அபாயம் நேருகிறது. மற்றக் குழந்தைக்குச் சாதாரண வயிற்றுப்போக்காக இருப்பது இந்தக் குழந்தைக்கு அவசர நிலைமை. அறுவைக்காக வெறும் வயிற்றோடு காத்திருக்கச் செய்யும் நேரத்தைக்கூடத் தாராளமாக நீட்டிவிடுவதற்கில்லை.

நிறத்தைப் பற்றியும் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். பிராணவாயுவை இழந்த ஹீமோகுளோபின், சருமத்தின் நுண்குழாய்களிலுள்ள இரத்தத்தில் 100 மில்லி லிட்டருக்குச் சுமார் 5 கிராம் அளவுக்குச் சேர்ந்தாலொழிய நீலம் கண்ணுக்குத் தெளிவாகப் புலப்படுவதில்லை. ஆகவே, இரத்தசோகையுள்ள குழந்தையிடம் ஹீமோகுளோபினே குறைவாக இருப்பதனால், பிராணவாயு மிகவும் தாழ்ந்திருக்கும்போதுகூட நீலம் தோன்றாமல் ஏமாற்றிவிடக்கூடும். கறுத்த மேனியுள்ள நம் குழந்தைகளிடம் கன்னத்தையும் விரலையும் மட்டும் பார்த்துத் திருப்தியடையாமல், நாக்கையும் உதட்டின் உட்புறத்தையும் நல்ல வெளிச்சத்தில் பார்க்கப் பழகிக்கொள்வது அவசியம் என்று நான் வற்புறுத்துவேன்.

இந்தக் குழந்தைகள் நடக்கத் தொடங்கிய பிறகு, சிறிது தூரம் ஓடி விளையாடியதும் சட்டென்று குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொள்வதைத் தாய்மார்கள் கவனித்திருப்பார்கள். எவரும் கற்பிக்காமல் தானே அறிந்துகொண்ட இந்த உபாயத்தில் நுட்பமான பௌதிகம் அடங்கியிருக்கிறது. தொடையும் முழங்காலும் மடங்கும்போது கால்களுக்குச் செல்லும் பெரிய தமனிகள் நெருக்குண்டு, மகாதமனியின் பக்கத்தில் எதிர்ப்பு மிகுந்துவிடுகிறது. அந்தப் பக்கம் எளிதாகப் போய்க்கொண்டிருந்த இரத்தம் இப்போது நுரையீரலின் குறுகிய வழியையே நாட வேண்டியதாகிறது. கைக்குழந்தைக்கோ இவ்வாறு உட்காரத் தெரியாது. காலையில் கண்விழித்த பின்போ, பால் குடிக்கையிலோ, மலங்கழிக்கையிலோ, ஓயாமல் அழுகையிலோ அதற்குத் திடீரென்று நீலம் கறுத்து, மூச்சு ஆழ்ந்து வேகமாகி, சில சமயம் நினைவும் தப்பிவிடும். அந்தத் தருணத்தில் டாக்டரை அழைக்கச் சொல்லிவிட்டு நர்ஸ் உடனே செய்யத்தக்கது, குழந்தையின் முழங்கால்களை மார்போடு சேர்த்து மடக்கிப் பிடித்து, தாயின் தோளிலோ தன் மடியிலோ அணைத்து அமைதிப்படுத்துவதே. பிராணவாயுவும் கொடுக்க வேண்டியதுதான். ஆனால் இரத்தம் நுரையீரலுக்கே போகாதபோது அந்த வாயு மட்டும் பெரிய பலன் தந்துவிடாது. குழந்தையை அழவிட்டு ஊசிக்கு நரம்பு தேடிக்கொண்டிருப்பது நிலைமையை இன்னும் கெடுக்கும்.

இந்நோய்க்கு முதன்முதல் கிடைத்த பரிகாரமும் இத்தகைய கூர்ந்த கவனிப்பிலிருந்தே பிறந்தது. அமெரிக்காவில் பால்ட்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் குழந்தைகளின் இருதயப் பிரிவை நடத்திவந்த ஹெலன் டாசிக் அம்மையார், காது மந்தமாகிவிட்டமையால், குழந்தைகளின் மார்பில் விரல்களை வைத்தே இருதயத்தின் அதிர்வுகளை அறிந்தவர். கருவிலிருக்கும் சிசுவுக்கு மகாதமனியையும் நுரையீரல் தமனியையும் இணைக்கிற ஒரு குழாய் இருந்து, பிறந்த சில நாட்களில் தானாகவே மூடிக்கொள்வதுண்டு. அது திறந்திருக்கும் வரை ஒருவாறு தேறியிருந்த நீலக் குழந்தைகள், அது மூடியதும் நலிந்து போவதை அவர் கண்டார். பாஸ்டன் நகரில் ராபர்ட் கிராஸ் 1938-ஆம் ஆண்டில், மூடாமல் நின்ற அத்தகைய குழாய் ஒன்றை அறுவை மூலம் அடைத்திருந்தார். இயற்கை திறந்துவைத்ததை மனிதன் அடைக்கக் கூடுமானால், இயற்கை அடைத்ததற்கு ஈடாக மனிதன் ஒன்றை ஏன் அமைக்கக் கூடாது என்பதே அம்மையாரின் வினா.

அதை ஏற்றுக்கொண்ட அறுவை நிபுணர் ஆல்பிரட் பிளேலாக்கிடம் விவியன் தாமஸ் என்ற கறுப்பின இளைஞர் உதவியாளராக இருந்தார். தச்சு வேலை கற்றவர். 1930-ஆம் ஆண்டில் நாஷ்வில் நகரில் பிளேலாக்கின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தவர்; வைத்தியக் கல்லூரிக்கென்று சேமித்த பணம், அதன் பின்னர் பொருளாதார மந்தத்தில் வங்கி முறிந்ததனால் போய்விட்டது. ஆராய்ச்சி வேலையே செய்துவந்தும், பெருக்கித் துடைக்கும் ஊழியர் என்ற வகையிலேயே அவருக்குச் சம்பளம் தரப்பட்டது. நாய்களிடத்தில் இந்த அறுவையைப் பயின்று முறையாக வகுத்ததும், அதற்கு வேண்டிய கருவிகளைத் திருத்தியமைத்ததும் அவர்தாம். 1944 நவம்பர் 29 அன்று, 15 மாதமாகியும் சுமார் 4 கிலோ எடையே இருந்த ஒரு பெண் குழந்தைக்கு, கைக்குச் செல்லும் தமனியைத் திருப்பி நுரையீரல் தமனியோடு பிளேலாக் தைத்தபோது, தாமஸ் ஒரு முக்காலியின் மேல் ஏறி அவருடைய தோளுக்குப் பின்னால் நின்று வழி சொல்லிக்கொண்டிருந்தார். அக்குழந்தை சில மாதங்களே வாழ்ந்தது. மூன்றாவதாக அறுவை செய்துகொண்ட சிறுவனோ, குழாய்ப் பிடிகளைத் தளர்த்தியதும் மேசையின் மீதே உதடு சிவந்தான். தாமஸுக்கு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது 1976-ஆம் ஆண்டில். பிளேலாக், டாசிக் இருவரின் பெயரை மட்டுமே தாங்கியிருந்த அந்த அறுவையோடு அவருடைய பெயரையும் சேர்த்துச் சொல்லும் வழக்கம் இப்போது பரவியிருக்கிறது; நம் மாணவிகளும் அப்படியே சொல்ல வேண்டுமென்பது என் ஆசை.

1954-ஆம் ஆண்டில் மினசோட்டாவில் வால்ட்டன் லில்லிஹை, மற்றொரு மனிதருடைய இரத்த ஓட்டத்தோடு குழந்தையின் ஓட்டத்தை இணைத்துவைத்து, இருதயத்தைத் திறந்து துவாரத்தை அடைத்து வழியையும் அகலப்படுத்தினார். பின்னர் இருதய-நுரையீரல் இயந்திரம் வந்து அந்த முழுச் சிகிச்சையைப் பரவலாக்கியது. பிறந்த சிசுவின் இணைப்புக் குழாய் மூடாதபடி தடுக்கும் புராஸ்டாகிளாண்டின் மருந்தும் கிடைத்திருக்கிறது. அதைச் செலுத்துகையில் மூச்சு நின்றுபோகக் கூடுமாதலால் சிசுவின் சுவாசத்தை விட்டுக் கண்ணை எடுக்கலாகாது. நரம்பு வழியாக எதை ஏற்றினாலும் குழாயில் ஒரு காற்றுக் குமிழியும் இல்லாதபடி பார்க்க வேண்டியது இக்குழந்தைகளிடம் விசேஷக் கடமை. மற்றவர்களிடத்தில் நுரையீரல் சல்லடையாக நின்று தடுத்துக்கொள்ளும் குமிழி, இங்கே துவாரத்தின் வழியாக நேரே மூளைக்குச் சென்றுவிடக்கூடும்.

சிகிச்சை பெற்ற குழந்தைகள் வளர்ந்து, இன்று பெரியவர்களுடைய வார்டுக்கும் பிரசவ வார்டுக்கும் வருகிறார்கள். நுரையீரல் வால்வு கசிவதனாலும் இருதயத் துடிப்பு தடுமாறுவதனாலும் அவர்களுக்கு ஆயுள் முழுதும் கண்காணிப்பு வேண்டியிருக்கிறது. விலாப்புறத்தில் பழைய தழும்பு உள்ளவரைக் கண்டால், சிறு பிராயத்தில் எந்தப் பக்கத்துத் தமனி திருப்பப்பட்டது என்று விசாரித்தறிந்து, இரத்த அழுத்தத்தை மறு கையில் பார்க்க வேண்டும். திருப்பிய பக்கத்துக் கையில் நாடி மெலிந்தோ அற்றோ இருக்குமாதலால், அங்கே காணும் குறைந்த அளவை உண்மையென்று கொண்டு மருந்து கொடுத்துவிடக் கூடாது.