வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புகிறீர்களா? உண்மைச் செலவை எக்ஸெல்லில் கணக்கிடுங்கள்!

பாலக்கோடு பக்கத்தில் விவசாயம் செய்யும் என் சித்தப்பாவின் மகள் பிலிப்பைன்ஸ் நாட்டில் மருத்துவம் படிக்கிறாள். ஒரு செமஸ்டருக்கு 4,000 டாலர் கட்ட வேண்டும். சித்தப்பா வங்கிக்குப் போய், படிவத்தில் கையெழுத்துப் போட்டு, பணத்தைக் கட்டிவிட்டு வந்தார். நான்கு நாள் கழித்துக் கல்லூரியிலிருந்து தகவல் வந்தது. 'உங்கள் கணக்கில் 3,975 டாலர்தான் வந்துள்ளது. மீதி 25 டாலரைக் கட்டினால்தான் பதிவு முடியும்.'

சித்தப்பா எனக்குப் போன் செய்தார். "ஏம்ப்பா, நான் முழுசாத்தானே கட்டினேன்? நடுவுல யாரு எடுத்தாங்க?"

நியாயமான கேள்வி. ஆனால் ரசீதை வாங்கிப் பார்த்தபோது, 25 டாலரை விடப் பெரிய தொகை ஒன்று வேறு இடத்தில் போயிருந்தது. அது ரசீதில் செலவு என்று எழுதப்படவே இல்லை. தர்மபுரி, அரூர், பென்னாகரம் என்று எங்கிருந்து அனுப்பினாலும் இதே கதைதான். உங்களிடம் கம்ப்யூட்டரும் இன்டர்நெட் இணைப்பும் இருந்தால், பணம் கட்டும் முன்பே இந்தச் செலவைக் கண்டுபிடித்துவிடலாம்.

பணம் எப்படிப் போகிறது?

நம் வங்கியிலிருந்து பணம் நேராகக் கல்லூரியின் வங்கிக்குப் போவதில்லை. முதலில் ஒரு செய்திதான் போகிறது. 'இந்தக் கணக்குக்கு இத்தனை டாலர் கொடுக்கவும்' என்ற அந்தச் செய்தியைச் சுமந்து செல்லும் வலையமைப்பின் பெயர் ஸ்விப்ட். 1973ல் பெல்ஜியத்தில் தொடங்கப்பட்டது. ஒவ்வொரு வங்கிக்கும் இதில் 8 அல்லது 11 எழுத்துகள் கொண்ட குறியீடு உண்டு. நம்மூர் ஐ.எப்.எஸ்.சி. கோடு மாதிரி.

இரண்டு வங்கிகளுக்கும் நேரடிக் கணக்கு உறவு இல்லாவிட்டால், நடுவில் ஒன்றோ இரண்டோ வங்கிகள் வரும். டாலர் என்றால் பெரும்பாலும் அமெரிக்க வங்கி. இவை வேலைக்குக் கூலியாக, போகும் பணத்திலிருந்தே ஒரு தொகையை எடுத்துக்கொள்ளும். சித்தப்பாவின் 25 டாலர் போனது இங்கேதான்.

நான்கு வகைச் செலவு

1. வங்கியின் கட்டணம்: இது ரசீதில் தெளிவாக இருக்கும். இதன் மீது 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. வங்கிக்கு வங்கி மாறும்.

2. விலை வித்தியாசம்: டாலருக்குச் சந்தையில் ஒரு விலை, வங்கி நமக்கு விற்பது வேறு விலை. அந்த இடைவெளி வங்கியின் லாபம். ரசீதில் 'ஒரு டாலர் இவ்வளவு ரூபாய்' என்று மட்டும் இருப்பதால் இது செலவாகவே நம் கண்ணுக்குத் தெரியாது.

3. நாணய மாற்றத்துக்கான ஜி.எஸ்.டி.: மாற்றும் தொகையை வைத்து ஒரு சேவை மதிப்பு கணக்கிடப்படும். 1 லட்ச ரூபாய் வரை 1 சதவீதம், குறைந்தது 250 ரூபாய். 1 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை, 1,000 ரூபாயுடன் கூடுதல் தொகைக்கு அரை சதவீதம். இந்த மதிப்பின் மீது 18 சதவீதம் வரி. பெரும்பாலான வங்கிகள் பின்பற்றும் அட்டவணை இது.

4. இடைவழி வங்கிகள் பிடிப்பது: இது நம் கையை விட்டுப் பணம் போன பிறகு நடப்பது.

இவை தவிர டி.சி.எஸ். என்ற வரிப்பிடித்தமும் உண்டு. இது 2020 அக்டோபரில் வந்தது. 2025 ஏப்ரல் 1 முதல், ஒரு நிதியாண்டில் ஒருவர் அனுப்பும் தொகை 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் பிடிப்பார்கள். அங்கீகரிக்கப்பட்ட நிதி நிறுவனத்தில் கல்விக் கடன் வாங்கி அனுப்பினால் கிடையாது. இது செலவு அல்ல. வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து கழித்துக்கொள்ளலாம் அல்லது திரும்பப் பெறலாம். ஆனால் அதுவரை உங்கள் பணம் முடங்கிக் கிடக்கும். இதன் சதவீதம் பட்ஜெட்டில் மாறக்கூடியது என்பதால், அனுப்பும் முன் வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எக்ஸெல்லில் கணக்கு

எக்ஸெல்லைத் திறந்துகொள்ளுங்கள். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் பயன்படுத்தலாம். முதல் பத்தியில் பெயர்களையும், பக்கத்துப் பத்தியில் எண்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக டைப் செய்யுங்கள். கணக்கு எளிதாக இருக்க, சந்தை விலை 90 ரூபாய், வங்கி விலை 92 ரூபாய், கட்டணம் 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

டாலர் தொகை: 4000
சந்தை விலை: 90
வங்கி விலை: 92
வங்கிக் கட்டணம், ஜி.எஸ்.டி.யுடன்: 1180
நாணய மாற்ற ஜி.எஸ்.டி.: 421
இடைவழி வங்கி, 25 டாலர்: 2250

அடுத்த வரியில் 'விலை வித்தியாசம்' என்று டைப் செய்யுங்கள். பக்கத்து செல்லில் =( என்று டைப் செய்து, மவுசால் 92 உள்ள செல்லைக் கிளிக் செய்யுங்கள். பிறகு கழித்தல் குறி டைப் செய்து 90 உள்ள செல்லைக் கிளிக் செய்யுங்கள். )* என்று டைப் செய்து 4000 உள்ள செல்லைக் கிளிக் செய்து என்டர் தட்டுங்கள். 8000 என்று விடை வரும்.

அதற்கடுத்த வரி 'மொத்தச் செலவு'. = டைப் செய்து, 1180, 421, 2250, 8000 உள்ள செல்களை இடையில் + குறி போட்டு ஒவ்வொன்றாகக் கிளிக் செய்து என்டர் தட்டுங்கள். விடை 11851.

கடைசி வரி 'சதவீதம்'. =, மொத்தச் செலவு செல், /(, டாலர் தொகை செல், *, சந்தை விலை செல், ) என்ற வரிசையில் கொடுங்கள். பிறகு மேலே உள்ள % பட்டனை அழுத்தி, தசம இடத்தைக் கூட்டும் பட்டனை இரண்டு முறை அழுத்துங்கள். 3.29 என்று காட்டும்.

கவனித்தீர்களா? கவுன்டரில் 'கட்டணம் ஆயிரம் ரூபாய்தான்' என்று சொன்னார்கள். உண்மைச் செலவு கிட்டத்தட்ட 12,000 ரூபாய். அதில் 8,000 ரூபாய் டாலர் விலைக்குள் ஒளிந்திருந்தது.

குறைந்த அந்த 25 டாலரை மட்டும் தனியாக அனுப்பினால் என்ன ஆகும்? 2,300 ரூபாய் பெறும் டாலருக்கு, கட்டணமும் வரியுமாக 1,225 ரூபாய் போய்விடும். வழியில் மறுபடியும் யாராவது பிடித்தால், கல்லூரிக்கு எதுவும் போய்ச் சேராமலும் போகலாம்.

இன்னொரு வங்கியின் எண்களை மூன்றாவது பத்தியில் கொடுத்து, விடைகள் உள்ள செல்களின் வலது கீழ் மூலையில் இருக்கும் சிறு சதுரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் இழுத்தால், அதற்கும் விடை வந்துவிடும். எது மலிவு என்று ஒரே பார்வையில் தெரியும்.

எண்களை எங்கே பார்ப்பது?

சந்தை விலைக்கு, எப்.பி.ஐ.எல். நிறுவனம் ஒவ்வொரு வேலை நாளும் வெளியிடும் ரெபரன்ஸ் ரேட்டைப் பாருங்கள். வங்கி விலைக்கு, அந்தந்த வங்கியின் இணைய தளத்தில் 'பாரெக்ஸ் கார்டு ரேட்' என்ற பக்கம் இருக்கும். அதில் பல பத்திகள் உண்டு. நமக்கு வேண்டியது 'டி.டி. செல்லிங்'. 'டி.டி. பையிங்' என்பது வெளிநாட்டிலிருந்து நமக்கு வரும் பணத்துக்கான விலை, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

செலவைக் குறைக்கும் வழிகள்

* கட்டண முறையைக் கேளுங்கள். படிவத்தில் 'அவர்', 'ஷா', 'பென்' என்று மூன்று தேர்வுகள் உண்டு. 'அவர்' என்றால் வழிச் செலவு முழுவதும் நம்முடையது. பொதுவாகத் தொகை குறையாமல் போய்ச் சேரும். 'ஷா' என்றால் பங்கு போட்டுக்கொள்வது. 'பென்' என்றால் பெறுபவர் தலையில். கல்லூரிக் கட்டணத்துக்கு 'அவர்' நல்லது. சித்தப்பாவின் படிவத்தில் 'ஷா' என்று டிக் ஆகியிருந்தது. யாரும் அவரிடம் கேட்கவில்லை.

* விலையைக் குறைத்துக் கேளுங்கள். கார்டு ரேட் என்பது கடைசி விலை அல்ல. தொகை பெரிதானால் பல வங்கிகள் பைசாக் கணக்கில் இறங்கி வரும். மேலே உள்ள கணக்கில் 50 பைசா குறைந்தாலே 2,000 ரூபாய் மிச்சம்.

* எப்.எக்ஸ். ரீடெயில் தளம் பற்றி விசாரியுங்கள். சாதாரண வாடிக்கையாளரும் சந்தை விலையை ஒட்டி டாலர் வாங்குவதற்காக, கிளியரிங் கார்ப்பரேஷன் 2019 ஆகஸ்டில் தொடங்கியது. உங்கள் வங்கி மூலமாகப் பதிவு செய்ய வேண்டும்.

* சிங்கப்பூரில் உள்ள உறவினருக்குச் சிறு தொகை என்றால், 2023 பிப்ரவரி 21ல் தொடங்கிய யு.பி.ஐ.-பேநவ் இணைப்பு இருக்கிறது. இந்தியன் வங்கி, ஐ.ஓ.பி., ஸ்டேட் வங்கி, ஐ.சி.ஐ.சி.ஐ. ஆகியவை முதலில் இதில் பணம் அனுப்பும் வசதி தந்தன. தொடங்கியபோது வரம்பு நாளொன்றுக்கு 60,000 ரூபாய்.

* சின்னச் சின்னத் தவணையாக அனுப்பாதீர்கள். வங்கிக் கட்டணம் ஒவ்வொரு முறையும் விழும்.

ஜாக்கிரதை!

கல்லூரியின் கணக்கு எண் மாறிவிட்டது என்று இமெயில் வந்தால் உடனே நம்ப வேண்டாம். பழைய தொலைபேசி எண்ணில் பேசி உறுதி செய்த பிறகே அனுப்புங்கள். வங்கித் தளத்தின் முகவரியை நீங்களே டைப் செய்யுங்கள். ஓ.டி.பி.யை யாருக்கும் சொல்லாதீர்கள். 'ரொம்ப மலிவு' என்று அழைக்கும் ஏஜென்டுகளிடம் போனால் பணமும் போகும், சட்டச் சிக்கலும் வரும். அனுமதி இல்லாத அந்நியச் செலாவணி வர்த்தகத் தளங்களின் எச்சரிக்கைப் பட்டியலை ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பர் முதல் வெளியிட்டு வருகிறது, அதையும் பாருங்கள்.

பணம் போன பிறகு 'ஸ்விப்ட் காப்பி' கேட்டு வாங்குங்கள். அதில் உள்ள யு.இ.டி.ஆர். என்ற எண்ணைக் கொடுத்துக் கேட்டால், பணம் எந்த வங்கியில் நிற்கிறது, வழியில் யார் எவ்வளவு பிடித்தார்கள் என்று உங்கள் வங்கியால் தேடிச் சொல்ல முடியும்.

சித்தப்பா அந்த 25 டாலரைத் தனியாக அனுப்பவில்லை. அடுத்த செமஸ்டர் பணத்துடன் சேர்த்து அனுப்புவதாகத் தங்கை கல்லூரியில் எழுதிக் கொடுத்தாள், ஒப்புக்கொண்டார்கள். இந்த முறை எக்ஸெல் தாளை பிரின்ட் எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போனார். 'அவர்' என்ற இடத்தில் அவரே டிக் செய்தார். விலையில் 60 பைசா குறைத்தார்கள். 4,025 டாலரும் குறையாமல் போய்ச் சேர்ந்தது.