கொற்கை முத்தும் கோச்சடையான் முகமும்

8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட பாண்டிய மன்னர் கோச்சடையன் ரணதீரன். அந்த ஒரு பெயரை இரண்டாகப் பிரித்து, தந்தைக்குக் கோச்சடையான் என்றும் மகனுக்கு ராணா என்றும் சூட்டிக்கொண்டது, 2014-ல் வெளிவந்த ‘கோச்சடையான்’ அனிமேஷன் படம். மற்றபடி கதை கற்பனைதான். சௌந்தர்யா ரஜினிகாந்த் இயக்கம், ஏ.ஆர். ரஹ்மான் இசை.

நாயகன் ரஜினிகாந்தின் உடலசைவுகள் 2012-ல் லண்டன் அருகே பைன்வுட் அரங்கில் பதிவாயின. ஒட்டுடையில் பதித்த சிறு உருண்டைகள் ஒளியைத் திருப்பி அனுப்பும். சுற்றி நிற்கும் கேமராக்கள் அவற்றைப் பல கோணங்களில் பார்க்கும். இரண்டு கேமராக்கள் ஒரே உருண்டையைக் கண்டாலே அது முப்பரிமாண வெளியில் எங்கே இருக்கிறது என்று கணினி கணக்கிட்டுவிடும். 2009-ல் மறைந்த நடிகர் நாகேஷையும் கணினி வரைகலை திரைக்கு அழைத்துவந்தது.

நடை சிக்கியது, முகம்தான் நழுவியது. பொம்மை போல இருக்கிறது என்று பலர் குறைபட்டார்கள். இதற்கு ஒரு காரணம் தோலில் இருக்கிறது. வெளிச்சம் தோலின் மேற்பரப்போடு திரும்பிவிடுவதில்லை. உள்ளே புகுந்து, சிதறி, ரத்தச் சிவப்பை ஏந்தி, சற்றுத் தள்ளி வெளியேறுகிறது. வெயிலுக்கு எதிரே நிற்பவரின் காதுமடல் சிவந்து தெரிவது அதனால்தான். இதைச் சிக்கனமாகக் கணக்கிடும் வழியை ஹென்றிக் வான் ஜென்சன் குழுவினர் 2001-ல் வெளியிட்டார்கள்; மறுவருடமே ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ படத்தின் கோலம் பாத்திரத்துக்குத் தோல் வாய்த்தது. ஆனால் அதற்கு வேண்டிய நேரமும் பணமும் ஏராளம்.

பாண்டியரின் பழைய துறைமுகமான கொற்கை, இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில், கடலை விட்டு விலகிய சிற்றூராக இருக்கிறது. அதன் பெயரை உலகறியச் செய்த முத்தும் வெளிச்சத்தை உள்ளே விடும் பொருள்தான். சிப்பி சுரக்கும் அரகோனைட் என்னும் சுண்ணாம்புப் படிகம், ஏறக்குறைய அரை மைக்ரான் தடிமனுள்ள சில்லுகளாகப் புரதப் பசையோடு அடுக்கடுக்காகப் படிகிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளமும் கிட்டத்தட்ட இதே அளவு. ஒவ்வோர் அடுக்கிலிருந்தும் திரும்பும் அலைகள் ஒன்றையொன்று சில நிறங்களில் வலுப்படுத்தும், சிலவற்றில் அணைக்கும். முத்தைத் திருப்பத் திருப்ப நிறம் நகர்வது இதனால். வெள்ளைச் சாயம் பூசிய மணியில் இந்த ஆட்டம் இல்லை.

தோலில் நடப்பது சிதறல், முத்தில் நடப்பது அலைகளின் கூடலும் ஊடலும், விதி வேறு. ஆனால் இரண்டிலும் அழகு மேற்பரப்பில் இல்லை. பாண்டியரைத் திரையில் வரையும் கலைஞர், மன்னர் கழுத்து முத்துக்கும் அவர் கன்னத்துக்கும் ஒருசேர, ஒளி உள்ளே போய்வரும் கணக்கைப் போட்டாக வேண்டும்.