லாஸ் ஏஞ்சலஸ் நகர நடுவத்தின் பகுதிகள்

லாஸ் ஏஞ்சலஸ் நகர நடுவம் என்பது ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள லாஸ் ஏஞ்சலஸ் மாநகரின் ஆட்சி, வணிக மையமாகும். இது ஆங்கில வழக்கில் டவுன்டவுன் என அழைக்கப்படுகிறது. மேற்கிலும் தெற்கிலும் விரைவுச்சாலைகளாலும், கிழக்கில் லாஸ் ஏஞ்சலஸ் ஆற்றாலும் சூழப்பட்ட இப்பரப்பு, தனித்த வரலாறு கொண்ட பல சிறு பகுதிகளால் ஆனது. இவற்றின் இன்றைய இடமும் தோற்றமும் பெரும்பாலும் 20 ஆம் நூற்றாண்டில் எடுக்கப்பட்ட திட்டமிடல் முடிவுகளால் அமைந்தவை. இடிக்கப்பட்டவை, இடம்பெயர்க்கப்பட்டவை, கைவிடப்பட்டதால் தப்பியவை என மூவகைப் பகுதிகளும் இங்கு அருகருகே காணப்படுகின்றன.

எல் பியூப்லோ

டோங்வா பழங்குடியினர் வாழ்ந்துவந்த இப்பரப்பில், 1781 ஆம் ஆண்டு ஸ்பானிய ஆட்சியின்கீழ் 44 பேர் குடியேறினர். இதுவே நகரின் தொடக்கமாகும். பின்னர் சற்று இடம் மாறி அமைந்த அதன் சதுக்கம், எல் பியூப்லோ என்ற பெயரில் பாதுகாக்கப்படுகிறது. 1818 இல் கட்டப்பட்ட அவிலா மண்வீடு, நகரில் எஞ்சியுள்ள மிகப் பழைய வீடாகும். இங்குள்ள ஒல்வெரா தெரு 1930 இல் மெக்சிக்கச் சந்தையாக மாற்றப்பட்டது.

சைனாடவுன்

சீனர்களின் பழைய குடியிருப்பு இச்சதுக்கத்தை ஒட்டி இருந்தது. 1871 அக்டோபர் 24 அன்று இங்கு நுழைந்த கும்பல் ஏறத்தாழ 18 சீனர்களைக் கொன்றது. இதற்காக எட்டுப் பேர் தண்டிக்கப்பட்டனர். எனினும் மேல்முறையீட்டில் அத்தீர்ப்பு செல்லாததாக்கப்பட்டது. 1930களில் யூனியன் தொடருந்து நிலையம் கட்டுவதற்காகக் குடியிருப்பின் பெரும்பகுதி இடிக்கப்பட்டது. பீட்டர் சூஹூ முதலியோரின் முயற்சியால், சீன வணிகர்கள் தாமே நிலம் பெற்று, 1938 இல் சற்று வடமேற்கே புதிய சைனாடவுனைத் திறந்தனர். நிலையம் 1939 இல் திறக்கப்பட்டது.

லிட்டில் டோக்கியோ

19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் முதலாம் தெருவை ஒட்டி ஜப்பானியர் கடைகள் தோன்றின. இரண்டாம் உலகப் போரின்போது, 1942 பெப்ரவரியில் வெளியிடப்பட்ட 9066 ஆம் ஆணையைத் தொடர்ந்து, இங்கு வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினர் தடுப்பு முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். வெறுமையான வீடுகளில் போர்த் தொழிற்சாலைகளில் வேலை தேடி வந்த கறுப்பினத்தவர் குடியேறியதால், பகுதி சில ஆண்டுகள் பிரான்ஸ்வில் எனப்பட்டது. போருக்குப்பின் ஜப்பானியர் ஒரு பகுதியினரே திரும்பினர். 1950களில் காவல்துறைத் தலைமையகத்துக்காக இப்பகுதியின் ஒரு பாகம் கையகப்படுத்தப்பட்டது. அக்கட்டடமும் 2019 இல் இடிக்கப்பட்டுவிட்டது. ஜப்பானிய அமெரிக்கர் தேசிய அருங்காட்சியகம் 1992 முதல் இங்கு இயங்குகிறது.

பங்கர் ஹில்

செல்வந்தர்களின் மாளிகைகள் நிறைந்திருந்த இக்குன்று, காலப்போக்கில் முதியோரும் ஏழைகளும் வாழும் வாடகை அறைகளின் இடமாக மாறியது. 1959 இல் மாநகராட்சி மறுசீரமைப்புத் திட்டத்தை ஏற்றது. ஆயிரக்கணக்கானோர் வெளியேற்றப்பட்டு, வீடுகள் இடிக்கப்பட்டன. குன்றின் உச்சியும் வெட்டித் தாழ்த்தப்பட்டது. அவ்விடத்தில் வானளாவிகளும், பிராங்க் கெரி வடிவமைத்த வால்ட் டிஸ்னி இசையரங்கமும் (2003) எழுந்தன. 1901 முதல் குன்றேறிய ஏஞ்சல்ஸ் பிளைட் என்னும் சிறு இழுவைத் தொடருந்து 1969 இல் நிறுத்தப்பட்டு, 1996 இல் அருகே மீண்டும் நிறுவப்பட்டது.

வரலாற்று நடுவம்

பிராட்வே, ஸ்பிரிங் தெருக்களை உள்ளடக்கிய இப்பகுதியின் பழைய கட்டடங்கள் பல ஏறத்தாழ ஒரே உயரமுடையவை. 1950கள் வரை நடைமுறையிலிருந்த 150 அடி உயர வரம்பே இதற்குக் காரணமாகும். 1928 இல் கட்டப்பட்ட நகர மண்டபத்துக்கு மட்டும் சிறப்பு விலக்கு அளிக்கப்பட்டது. வங்கிகளும் அலுவலகங்களும் மேற்கே நகர்ந்தபின், இக்கட்டடங்களின் மேல்மாடிகள் பல ஆண்டுகள் பூட்டிக்கிடந்தன. இடித்துக் கட்டுவதற்கு எவரும் முதலிடாததால் அவை நிலைத்தன. 1999 இல் பழைய கட்டடங்களைக் குடியிருப்புகளாக மாற்றுவதற்கான விதிகள் தளர்த்தப்பட்டன. அதன்பின் மக்கள்தொகை பெருகியது. பிராட்பரி கட்டடம் (1893), கிராண்ட் சென்ட்ரல் சந்தை (1917) ஆகியன இங்குள்ளன.

ஸ்கிட் ரோ

வரலாற்று நடுவத்துக்குக் கிழக்கேயுள்ள இப்பகுதியில், வீடற்றோர் பல்லாயிரவர் தெருவோரக் கூடாரங்களிலும் புகலிடங்களிலும் வாழ்கின்றனர். பங்கர் ஹில் போல இதனையும் இடித்துவிடாமல், மலிவான விடுதி அறைகளைக் காத்து, உதவி நிலையங்களை இங்கேயே குவிக்கும் கொள்கையை 1976 இல் மாநகராட்சி ஏற்றது. இக்கொள்கை ஏழைகளின் உறைவிடத்தைக் காத்தது என ஆதரிப்போரும், வறுமையை ஓரிடத்தில் அடைத்துவைத்தது எனக் கண்டிப்போரும் உளர்.

போக்குவரத்து

2023 ஜூன் மாதம் திறக்கப்பட்ட சுரங்கத் தொடருந்துப் பாதை, லிட்டில் டோக்கியோ, வரலாற்று நடுவம், பங்கர் ஹில் ஆகியவற்றை இணைக்கிறது. இம்மூன்று பகுதிகளும் ஒன்றுக்கொன்று நடந்து செல்லும் தொலைவிலேயே அமைந்துள்ளன.